பதினஞ்சு கட்டில், இருபது மருந்து: வயித்து உப்புசத்தோட பழைய கணக்கு

பட்டணத்து நண்பர்கள் போன் பண்ணா ரெண்டு விஷயம் கட்டாயம் கேப்பாங்க. ஒண்ணு, பட்டறையில சின்ன வெங்காயம் மிச்சம் இருக்கா. இன்னொண்ணு, வயித்து உப்புசத்துக்கு ஊர்ல ஏதாச்சும் கை வைத்தியம் இருந்தா சொல்லு. முதல் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியும். ரெண்டாவதுக்கு நான் வைத்தியன் இல்லீங்க. மக்காச்சோளமும் வெங்காயமும் போடுறவன். ஆனா பழைய கல்வெட்டு, பழைய கணக்குன்னா எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அந்தக் கிறுக்குல தேடுனப்ப, இந்த வயித்துக் கதை நம்ம கங்கைகொண்ட சோழபுரத்து ராசா காலத்துலயே கல்லுல ஏறியிருக்குன்னு தெரிஞ்சுது. அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

முதல்ல வார்த்தையைப் பாத்துடுவோம். டாக்டர்கிட்ட போனா நீங்க 'கேஸ்'னு சொல்றீங்க. எங்க ஊர்ல 'வயிறு கும்முன்னு இருக்கு', 'பொருமிக்கிட்டு கெடக்கு', 'வாயு ஏறிடுச்சு'ம்பாங்க. சித்த வைத்தியர் குன்மம்பாரு. ஆயுர்வேதத்துல அதுவே குல்மம். வயிறு காத்தடைச்சு உப்புறதுக்கு அங்க ஆத்மானம்னு தனிப் பேரே உண்டு. எல்லாத்துக்கும் அடியில இருக்குற எண்ணம் ஒண்ணுதான்: வயித்துல ஒரு நெருப்பு எரியுது, அது மந்தமானா தின்னது வேகாம கெடக்கும், வேகாதது காத்தா மாறும். அடுப்பு சரியா எரியலன்னா சோறு விதைச்சுப் போற மாதிரி. திருக்குறள்ல 'மருந்து'ன்னு ஒரு அதிகாரம் இருக்குல்ல, 95வது. அந்தப் பத்துக் குறள்ல ஒரு மூலிகைப் பேரு கெடையாது. முன்னால தின்னது செரிச்சுதான்னு பாத்து அடுத்த வேளைக்கு உக்காருங்கறதுதான் அதுல பெரும்பகுதி. மூணு நோயை எண்ணும்போது காத்தைத்தான் முதல்ல வெச்சு எண்ணுறாரு.

இப்ப கல்லுக்கு வருவோம்.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல்னு ஒரு ஊரு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற எடம். அங்க வெங்கடேசப் பெருமாள் கோவில் சுவர்ல நீளமான கல்வெட்டு ஒண்ணு இருக்கு. வெட்டுனது வீரராஜேந்திர சோழன் காலத்துல, சுமாரா 1068ல. வீரராஜேந்திரன் யாருன்னா, கங்கை வரைக்கும் படை அனுப்பிட்டு வந்து நம்ம கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டுன ராஜேந்திரனோட மகன். 1063லேர்ந்து 1070 வரைக்கும் ஆண்டவன். இன்னைக்கு அரியலூர் மாவட்டத்துல, ஜெயங்கொண்டத்துக்கு கிட்ட இருக்குற அந்த ஊருதான் அவனுக்குத் தலைநகரம். கல்வெட்டு இருக்குறது எங்கியோ வடக்க. ஆனா அதுக்கு மேல இருந்த அரசாங்கம் நம்ம மண்ணுல உக்காந்திருந்துச்சு.

கோவிலோட சேத்து ஒரு பாடசாலை, பசங்க தங்குறதுக்கு விடுதி, அப்புறம் ஒரு ஆதுலர்சாலை. ஆதுலர்னா நோயாளி. ஆதுலர்சாலைன்னா ஆஸ்பத்திரி. அதுக்கு வீரசோழன்னு பேரு. பதினஞ்சு பேரு படுக்கலாம். பாடசாலைப் பசங்க, வாத்தியாருங்க, கோவில்ல வேலை செய்யறவங்க இவங்களுக்காக நடந்தது. படுத்திருக்குறவங்களுக்குத் தலைக்கு ஒரு நாழி அரிசி தெனமும். ராத்திரி பூரா ஒரு விளக்கு எரியணும், அதுக்கு எண்ணெய்க் கணக்கு தனி.

எனக்குப் பிடிச்சது சம்பளக் கணக்குதான். வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லு, எட்டுக் காசு. கலத்துக்கு 12 குறுணி. அப்ப 1080 குறுணி. வருஷத்துக்கு 360 நாள்னு வெச்சா, நாளைக்கு மூணு குறுணி. அறுவை செய்யறவருக்கு 30 கலம், அதாவது நாளைக்கு ஒரு குறுணி. மருந்து குடுக்குறவருக்கு மூணு, கத்தி பிடிக்கிறவருக்கு ஒண்ணு! இன்னைக்கு நெலவரம் தலைகீழா இருக்கும்னு நெனைக்கிறேன். இவங்க போக மூலிகை பறிச்சுட்டு வந்து மருந்து காய்ச்ச ரெண்டு ஆளு, நோயாளிகளைப் பாத்துக்க ரெண்டு பொம்பளைங்க, ஒரு நாவிதரு, தண்ணி கொண்டாற ஒரு ஆளு. எல்லாருக்கும் கூலி பெரும்பாலும் நெல்லாத்தான். அந்த நெல்லை அறுத்தவன் எவன்னு கல்வெட்டுல இல்லை. அது எப்பவும் இருக்காது.

அதுக்கப்புறம் வருது மருந்துப் பட்டியல். ஒரு வருஷத்துக்கு இருப்பு வெச்சுக்க வேண்டிய மருந்து சுமாரா இருபது. பேருங்க எல்லாம் ஆயுர்வேதப் பேரு. வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி. நாலுலயும் பின்னால நிக்கிற ஹரீதகி என்னன்னு பாத்தா நம்ம கடுக்காய்! ஒண்ணு ஆடாதோடையோட, ஒண்ணு பசு மூத்திரத்தோட, ஒண்ணு பத்து வேரோட, ஒண்ணு சேங்கொட்டையோட. அப்புறம் ரெண்டு மூணு எண்ணெய், அதுல வர்ற ஏரண்டம்ங்கறது ஆமணக்கு. பில்வாதி கிருதம்னா வில்வம் போட்டுக் காய்ச்சுன நெய். கல்யாணக லவணம்னா மூலிகையோட சுட்டெடுத்த உப்பு. புராண கிருதம், பழைய நெய்.

இதுல எல்லாமே வயித்து மருந்துன்னு சொல்ல வரல. கண்ணுக்கு, சளிக்கு, வீக்கத்துக்கு, மூலத்துக்குன்னு கலந்துதான் இருக்கு. ஆனா கடுக்காய், விளக்கெண்ணெய், வில்வம், உப்புன்னு திரும்பத் திரும்ப வர்றதைப் பாத்தா, பதினஞ்சு கட்டில்ல படுத்திருந்தவங்கள்ல பாதிப் பேரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுத்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. விடுதிச் சாப்பாடு வேற!

கடுக்காய் மரம் எங்களுக்கு மேக்க பச்சைமலையில உண்டு. பெரம்பலூர் ஆளுங்களுக்கு அந்த மலை தெனமும் கண்ணுல படுற மலை. வெள்ளைக்காரன் காலத்துல கடுக்காயைக் கப்பல் கப்பலா ஏத்துனாங்க, மருந்துக்கு இல்ல, தோல் பதனிடுறதுக்கு. வீடு கட்டுற காரைச் சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணி ஊத்துனதும் உண்டு. தோலை இறுக்கும், சுவரை இறுக்கும், ஆனா குடலை மட்டும் மெதுவா இளக்கும். இஞ்சின்னா தோலைச் சீவு, கடுக்காய்ன்னா கொட்டையை எறின்னு எங்க அப்பாயி சொல்லும். ராத்திரி படுக்கப் போறப்ப அரை ஸ்பூன் பொடி வெந்நியில, அவ்வளவுதான் அது பண்ண வைத்தியம்.

ஆமணக்கு அப்படி இல்ல. அது எங்க வயலு. பருத்திக்கும் கடலைக்கும் ஓரத்துல வரப்புப் பயிரா நிக்கும். முத்தை வறுத்து, உரல்ல இடிச்சு, தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சு, மேல மெதக்குற எண்ணெயை வழிச்சு எடுத்துத் திரும்பச் சுண்டக் காய்ச்சணும். தெருவே நாறும். அந்த முத்துக்குள்ள ரிசின்னு கடுமையான விஷம் இருக்கு. விஷம் பிண்ணாக்குல தங்கிடும், எண்ணெய்ல வராது, கொதிக்கிற கொதியில செத்தும் போயிடும். விஷம்னு எழுதி வைக்காமலே காய்ச்சுற முறையில அதுக்கு வழி பண்ணி வெச்சிருக்காங்க. பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்க மாட்டோம், வயலுக்குத்தான் எருவாப் போடுவோம்.

விளக்கெண்ணெய் குடிச்சா ஏன் வயித்தால போகுதுங்கறதுக்கு முழுசா வெளக்கம் கெடைச்சது 2012லதான். ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. அதுல இருக்குற ரிசினோலிக் அமிலம் குடல் தசையில ஒரு குறிப்பிட்ட எடத்துல போயி ஒட்டி, அதைச் சுருங்க வைக்குதாம். அதே எடம் கர்ப்பப் பையிலயும் இருக்கு. அதனாலதான் முழுகாம இருக்குற பொண்ணுக்கு விளக்கெண்ணெய் குடுக்கக் கூடாதுங்கறது. பொறந்த கொழந்தைக்கு ஊத்துறதும் தப்பு. தொண்டையில எறங்க வேண்டியது நுரையீரலுக்குப் போயிட்டா பிள்ளை மிஞ்சாது. எங்க ஊர்லயே இன்னும் ரெண்டு மூணு கிழவிங்க சங்கோட திரியுது, சொன்னா சண்டைக்கு வரும்.

அந்தப் பட்டியல்ல என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்ச மருந்து ஒண்ணு இருக்கு. லசுனம்னா பூண்டு. பூண்டையும் ஆமணக்கெண்ணெயையும் சேத்துக் காய்ச்சுன தைலம். ஏன் யோசிச்சேன்னா, இன்னைக்கு வயித்து டாக்டருங்க உப்புசக்காரங்களுக்கு ஃபாட்மேப்னு ஒரு பத்தியம் சொல்றாங்க. ஆஸ்திரேலியாவுல மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரங்க 2005 வாக்குல கொண்டு வந்தது. அதுல விலக்க வேண்டிய பட்டியல்ல முன்னால நிக்கிறது வெங்காயமும் பூண்டும்! பெரம்பலூர்க்காரனுக்கு இது எப்படி இருக்கும்? தமிழ்நாட்டுக்கே சின்ன வெங்காயம் அனுப்புற ஊரு நாங்க.

ஆனா காரணம் நெசம்தான். வெங்காயத்துலயும் பூண்டுலயும் ஃப்ரக்டான்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கு. மனுஷனால அதைச் செரிக்க முடியாது. அது பெருங்குடல் வரைக்கும் முழுசாப் போகும், அங்க இருக்குற கிருமிங்க அதைத் தின்னு காத்தை விடும். மொச்சை, கொண்டைக்கடலையிலயும் இதே மாதிரி வேற சங்கிலி. ஊறவெச்ச தண்ணியைக் கொட்டிட்டு வேக வெச்சா கொஞ்சம் கொறையும். இதுல வேடிக்கை என்னன்னா, ஃப்ரக்டான் தண்ணியில கரையும், எண்ணெயில கரையாது. அதனால பூண்டைப் போட்டுக் காய்ச்சி வடிகட்டுன எண்ணெயைச் சாப்பிடலாம்னு மோனாஷ்காரங்களே சொல்றாங்க. நம்ம தைலம் காய்ச்சுற முறையைப் பாருங்க: தண்ணி முழுக்க வத்துற வரைக்கும் காய்ச்சி, துணியில வடிகட்டி, சக்கையைத் தூக்கிப் போட்டுடணும். பூண்டோட வாசமும் காரமும் எண்ணெய்ல வந்துடும், காத்தை உண்டாக்குறது சக்கையில நின்னுடும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஃப்ரக்டான் தெரியும்னு நான் கதை விடல. தெரியாது. ஆனா நோயாளி மூஞ்சியைப் பாத்து எது ஒத்துக்கிச்சு, எது ஒத்துக்கலன்னு தலைமுறை தலைமுறையா எழுதி வெச்சிருக்காங்க. அது போதும்.

அந்த எழுத்தைப் படிச்சுக் கொடுக்கவும் எடம் இருந்துச்சு. கொள்ளிடத்தைத் தாண்டி அந்தாண்ட போனா திருவாவடுதுறை. அங்க 1121ல, விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு, மடத்துல தங்கிப் படிக்கிறவங்களுக்குச் சோறு போட ஏற்பாடு செஞ்சதைச் சொல்லுது. என்ன படிச்சாங்கன்னா, சரக சம்ஹிதையும் அஷ்டாங்க இருதயமும், கூட இலக்கணமும். அதுக்கு முன்னால தஞ்சாவூர்ல குந்தவை பிராட்டி தன் அப்பா சுந்தர சோழன் பேர்ல ஆதுலர்சாலை வெச்சு நிலம் விட்டிருக்கா. ஆக, அந்தக் காலத்து ராசாங்க சம்பளம் போட்டு நடத்துன ஆஸ்பத்திரியில வடமொழி நூலு. ஊருக்குள்ள நாட்டு வைத்தியர்கிட்ட தமிழ்ச் சுவடி. ஆயுர்வேதம் பெருசா சித்தம் பெருசான்னு இப்ப வாட்ஸப்புல அடிச்சுக்கறாங்க. கடுக்காய், சுக்கு, மிளகு, திப்பிலி ரெண்டு பக்கமும் ஒரே செட்டியார் கடையிலேர்ந்துதான் வந்திருக்கும்.

அஷ்டாங்க இருதயத்துல வர்ற ஒரு சூரணம் இன்னைக்கும் எல்லாக் கடையிலயும் கெடைக்கும். ஹிங்வாஷ்டகம். எட்டுச் சரக்கு: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம். எப்படிச் சாப்பிடணும்னா, சாப்பாட்டுல முதல் கவளத்துல நெய்யோட பெசைஞ்சு. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கல்யாணப் பந்தியில முதல்ல என்ன வைக்கிறாங்க? பருப்புப் பொடியோ பருப்போ, மேல நெய்யி. பிள்ளை பெத்த வீட்டுல சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் வறுத்து இடிச்ச அங்காயப் பொடியை முதல் சோத்துல போட்டுக் குடுப்பாங்க. இதை மருந்துன்னு யாரும் நெனைச்சுத் திங்கல. பழக்கம், அவ்வளவுதான்.

அந்த எட்டுல பெருங்காயம் ஒண்ணுதான் நம்ம நாட்டுல வெளையாதது. ஆப்கானிஸ்தான், ஈரான்லேர்ந்து வர்ற பிசின். இமாச்சலப் பிரதேசத்துல லாகுல் பள்ளத்தாக்குல அரசாங்க ஆராய்ச்சிக்காரங்க முதன்முதலா நாத்து நட்டதே 2020 அக்டோபர்ல. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த ஒரு சரக்கு, எந்தக் குக்கிராமத்துச் சாம்பார்லயும் இல்லாம இருக்காது. கடையில டப்பாவுல வர்றதுல பெரும்பங்கு மாவும் கருவேலம் பிசினும்தான், சுத்தக் காயம் கொஞ்சம். கட்டிக் காயமா வாங்கி வறுத்துக்கிட்டீங்கன்னா வித்தியாசம் தெரியும்.

சாப்பாடு மாறுனதையும் சொல்லணும். சோழர் காலத்துக் கோவில் மடைப்பள்ளிக் கணக்குல மிளகு, சீரகம், கடுகு, புளி, தயிரு இருக்கும். மிளகாய் இருக்காது. அது அமெரிக்காவுல பொறந்து போர்த்துக்கீசியக் கப்பல்ல வந்தது. எங்க கரிசல்லயும் செம்மண்லயும் வரகும் கம்பும் சோளமும் வெளைஞ்ச எடத்துல இப்ப மக்காச்சோளம் நிக்குது, அது நாமக்கல் கோழிக்குப் போகுது. நாங்க ரேஷன் அரிசி தின்னுறோம். கொழந்தைக்கு வயிறு உப்புனா கிரைப் வாட்டர். அதை 1851ல இங்கிலாந்துல நாட்டிங்காம்ங்கற ஊர்ல வில்லியம் வுட்வர்ட்ங்கற மருந்துக் கடைக்காரர் செஞ்சாரு. அதுல இருந்த முக்கியமான எண்ணெய் எதுலேர்ந்துன்னா சதகுப்பையிலேர்ந்து! அப்ப சாராயமும் சேத்திருந்தாங்க, பிள்ளை தூங்காம என்ன செய்யும்?

இவ்வளவு சொன்னப்புறம் ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா இதை எழுதுனதே பாவம்.

'வாயு'ங்கற அந்த ஒரு வார்த்தை எங்க பக்கம் ஆளைக் கொன்னுருக்கு. பக்கத்து ஊர்ல ஒருத்தரு, அம்பது வயசு இருக்கும். கரும்பு வெட்டிட்டு வந்து ராத்திரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. ஏப்பம் வருது, வயிறு ஊதுது, முதுகு வலிக்குது, வேர்த்துக் கொட்டுது. வாயுப் பிடிப்புன்னு வீட்டுல சுக்குக் கஷாயம் வெச்சுக் குடுத்தாங்க. அப்புறம் ஓமத் தண்ணி. அப்புறம் கடையில சோடா. விடியறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அது மாரடைப்பு. மாரடைப்பு வரும்போது மேல் வயிறு கனக்கும், ஏப்பம் வரும், வாந்தி வரும். சர்க்கரை நோய் இருக்குறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாம இப்படி மட்டும் வர்றதும் உண்டு. வேர்வையோட, மூச்சு வாங்கலோட, தாடைக்கோ கைக்கோ பரவுற வலியோட 'கேஸ்' வந்தா கஷாயத்துக்கு அடுப்பு பத்த வைக்காதீங்க. 108க்கு அடிங்க. திருமுக்கூடல் வைத்தியர்கிட்ட ஈசிஜி இல்ல, உங்ககிட்ட இருக்கு.

இன்னொண்ணு. உப்புசம் மூணு நாலு வாரத்துக்கு மேல தெனமும் இருந்து, பசி கொறைஞ்சு, எடை எறங்குனா, அல்லது மலத்துல ரத்தம் வந்தா அது மோர்ல தீர்ற விஷயம் இல்ல. முக்கியமா நாப்பத்தஞ்சு அம்பது தாண்டுன பொம்பளைங்க. சினைப்பைப் புத்துநோய் முதல்ல காட்டுற அடையாளம் பல பேருக்கு வயித்து உப்புசம்தான். சித்த மருத்துவரைப் பாக்கணும்னாலும் அரசு ஆஸ்பத்திரியில அந்தப் பிரிவுக்கே போங்க, ஒரே வளாகத்துல ஸ்கேனும் எடுத்துக்கலாம்.

சரி, கல்வெட்டுக்கே திரும்ப வர்றேன். இதைப் படிச்சதுலேர்ந்து எனக்குள்ள ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருக்கு. திருமுக்கூடல்ல ஒரு கோவில்ல பதினஞ்சு கட்டில் போட்டவங்க, சுமாரா இரநூத்தம்பது வருஷம் தலைநகரமா இருந்த கங்கைகொண்ட சோழபுரத்துல ஒண்ணும் வைக்காமலா இருந்திருப்பாங்க? அந்தக் கோவில்லயே வீரராஜேந்திரனோட நீளமான கல்வெட்டு இருக்கு. ஆனா சுத்துச் சுவர்ல பெரும்பகுதி இப்ப இல்ல. 1836ல கொள்ளிடத்துக்குக் குறுக்க அணைக்கரையில கீழணை கட்டுறப்ப கல்லு வேணும்னு கோவில் மதிலைப் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஊர்ச் சனம் மறிச்சுப் பாத்துச்சு. கல்லுக்குப் பதிலா செங்கல் சுவர் கட்டித் தர்றோம்னு சொல்லி சமாதானம் பண்ணாங்க.

கும்பகோணத்துக்குப் போறப்ப அந்த அணை மேலதான் நாங்க போவோம். கீழ மதகுல தண்ணி அடிச்சுக்கிட்டு போகும். பாத்தீங்கன்னா, அந்தக் கல்லுங்க இன்னும் அசையாமத்தான் நிக்குது.